ஒரு பாகம் பாக்கி

கம்ப்யூட்டரில் விளையாட்டு திக்கித் திக்கி ஓடினால் பெரும்பாலானவர்கள் முதலில் கிராபிக்ஸ் கார்டைத்தான் வாங்குகிறார்கள். அது அவசரப் புத்தி. முதலில் பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்கைப் போட வேண்டும். செலவும் கம்மி, பலனும் உடனே தெரியும். என் தம்பியின் பழைய கம்ப்யூட்டரில் பொத்தானை அழுத்திவிட்டு நான் பாலை அடுப்பில் வைத்து, அது பொங்கி, இறக்கிய பிறகும் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். எஸ்எஸ்டி போட்ட அன்று பால் பாத்திரத்தைத் தேடி எடுப்பதற்குள் எல்லாம் தயாராகிவிட்டது. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

டாக்டர், நான் இதையா கேட்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். தம்பி இளஞ்செழியனுக்கு இது எப்போது ஆரம்பித்தது, வீட்டில் என்ன நடந்தது, மறைக்காமல் எழுதிக்கொண்டு வாருங்கள், என்னைத் தவிர யாரும் படிக்க மாட்டார்கள் என்று சொன்னீர்கள். யோசித்துப் பார்த்ததில் ஆரம்பம் அந்த எஸ்எஸ்டிதான்.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர். வேங்கிக்காலில் சொந்த வீடு. கீழே நான், மாடி அறையில் அவன். எனக்கும் அவனுக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அப்பா போனது அவனுக்கு நினைவில்லை. அம்மா போனபோது பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். எனக்கு வந்த இரண்டு வரன்களையும் நான் வேண்டாம் என்றேன். தம்பிக்காகத்தான் என்று உறவில் எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் ஒருவர் சாப்பிடும்போது பேசிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை, இன்னொருவர் வீட்டில் என்னைப் பிடிக்கவில்லை. ஆனால் 'தம்பிக்காக' என்ற காரணம் நல்ல பட்டுப்புடவை மாதிரி இருந்தது. எந்த விசேஷத்துக்குக் கட்டிக்கொண்டு போனாலும் மரியாதை கிடைத்தது. நான் அதைக் கழற்றவில்லை.

அவன் நான்கு வருடம் சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். அந்த நான்கு வருடங்களில் வீட்டில் ஃப்ரிட்ஜ் சத்தம் எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொண்டேன். பிறகு கொரோனா வந்தது. கல்லூரியை மூடிவிட்டார்கள், அவன் ஒரு பையோடு வந்து சேர்ந்தான். ஊரே பயந்துகொண்டிருந்த அந்த மாதங்களில் நான் நன்றாகத் தூங்கினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அவன் விளையாடுவான். நான் வறுத்த வேர்க்கடலையைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பேன்.

"ஒரு செகண்டுக்கு அறுபது படம் வரணும்கா. நம்மளுதுல இருபதுதான் வருது. அதான் இழுக்குது."

"எனக்கு நல்லா ஓடற மாதிரிதான்டா இருக்கு."

"உனக்கு காலண்டரைத் திருப்பிக் காட்டினாகூட சினிமாதான்கா," என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இது மட்டும் சரியாயிட்டா போதும்கா. அப்புறம் எனக்கு எதுவுமே வேணாம்."

அவன் விளையாட்டாகச் சொன்ன வாக்கியம்தான். நான் அதை எடுத்துக்கொண்டு கீழே வந்து வெகுநேரம் வைத்துப் பார்த்தேன். எதுவுமே வேண்டாம் என்றால் எதுவுமேதான்.

இங்கே என் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது தசரதன் என்று ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். மனுக்களைப் பார்ப்பது எப்படி என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரு மனுவில் நான்கு குறை இருந்தால் நான்கையும் ஒரே கடிதத்தில் எழுதிவிடக் கூடாது. எழுதினால் அந்த ஆள் நான்கையும் சரி செய்துகொண்டு வந்து நின்றுவிடுவான். முதலில் ஒன்றை மட்டும் எழுத வேண்டும். அதைச் சரி செய்துகொண்டு வந்த பிறகு இரண்டாவது. ஆள் திரும்பத் திரும்ப வருவான், நம்மை வணங்கிக்கொண்டே இருப்பான். நான் அலுவலகத்தில் ஒருநாளும் அதைச் செய்ததில்லை. அது மக்களை அலைக்கழிப்பது. ஆனால் அந்த முறையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கம்ப்யூட்டர் பாகங்களைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவற்றைச் செய்தவர்களும் தசரதனிடம் பயிற்சி எடுத்தவர்கள் போலிருந்தது. ரேமைக் கூட்டினால் கிராபிக்ஸ் கார்டு பத்தாது. கார்டைப் பெரிதாக்கினால் அதற்கு மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளை பத்தாது, விளையாட்டின் நடுவில் அணைந்துவிடும். இரண்டையும் மாற்றினால் பிராசஸர் பின்தங்கும். பிராசஸரை மாற்றினால் மதர்போர்டை மாற்ற வேண்டும், மதர்போர்டை மாற்றினால் முதலில் ஆசையாக வாங்கிய ரேம் அதில் சேராது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது வேகமான மானிட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் போதும், நேற்றுவரை போதுமாக இருந்த கார்டு இன்றைக்குப் போதாமல் போய்விடும்.

கடைக்காரர் வேடியப்பன் நல்ல மனிதர். தேரடித் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் கடை. நான் கார்டு வாங்கப் போன அன்று, பவர் சப்ளையையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பெரிய விளையாட்டுகள் ஓடாது என்று எடுத்துச் சொன்னார்.

"தெரியுங்க. இப்போதைக்கு கார்டு போதும்."

"மறுபடி அலையணும் மேடம்."

"அலையறேங்க, பரவால்ல."

அவர் பெட்டியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "எங்க கடைக்கு வர்ற அக்காங்க எல்லாம் இந்தப் பொட்டியை எப்பதான் ஒடைக்கிறதுன்னு கேக்கறவங்க மேடம். நீங்க ஒருத்தர்தான் அதுக்கு அடுத்து என்ன வேணும்னு கேக்கறீங்க. உங்க தம்பி குடுத்து வெச்சவரு."

அலுவலகத்தில்கூடப் பெயர் பரவிவிட்டது. பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் அருணா மேடத்தைக் கேளுங்கள் என்று யாராவது சொல்ல, என் மேசைக்கு வந்தார்கள். அவர்களுக்கு எல்லாம் சரியாகவே சொன்னேன். நான்கு பாகத்தையும் சேர்த்தே வாங்குங்கள், ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா பாருங்கள் என்று. என் வீட்டுக்கு மட்டும் எப்போதும் ஒன்றைக் குறைவாக வாங்கினேன். அவன் ஒரு வாரம் குதிப்பான், இரண்டாவது வாரம் எதுவோ இழுக்கிறதே என்பான், மூன்றாவது வாரம் என்ன காரணம் என்று கண்டுபிடிப்பான், நான்காவது வாரம் சமையலறை வாசலில் வந்து நிற்பான். "அக்கா." அந்த 'அக்கா'வுக்கு ஒரு தனிக் குரல் உண்டு. நான் திரும்பாமலே, "என்னடா, எது பத்தலை?" என்பேன்.

இது தவறு என்று யார் சொல்ல முடியும். குடியில்லை, ஊர் சுற்றல் இல்லை. மாடியில் நாற்காலிச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டால் வீட்டில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். நான் அதைக் கேட்டுக்கொண்டு குழம்பு வைப்பேன்.

மதிவதனி வந்தது அதற்குப் பிறகு. கீழ்பென்னாத்தூர்ப் பெண். அரசுத் தேர்வுக்கான பயிற்சி வகுப்பில் பழக்கம். இவனை அந்த வகுப்பில் சேர்த்ததே நான்தான், கையில் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லிக்கொள்ள வேண்டுமே என்று. தேறுவான் என்று எதிர்பார்க்கவில்லை. சனி, ஞாயிறுகளில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்து ஹாலில் உட்கார்ந்து இவனோடு படிப்பாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போவாள். என்னை 'அக்கா' என்று அழைப்பாள், அதிலும் குறையில்லை. நான் தேடிப் பார்த்தேன், டாக்டர். நேர்மையாகத் தேடினேன். குறையே கிடைக்கவில்லை.

அவள் வரும் நாட்களில் அவன் மாடிக்குப் போக மாட்டான். புது மானிட்டர் துணி மூடியபடி இருக்கும்.

இரண்டு பேரும் குரூப் ஃபோர் தேர்வில் தேறினார்கள். நல்ல ரேங்க். சென்னையில் கவுன்சலிங்குக்குக் கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்து துறையையும் ஊரையும் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான் பாக்கி. பெயர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும், மறுபடி தேர்வு எழுத வேண்டும். இரண்டு பேரும் சென்னையிலேயே இடம் எடுத்து, பிறகு கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக அவன் சொன்னான். அதைச் சொன்ன அதே மூச்சில், தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இன்னொன்றும் சொன்னான்.

"கம்ப்யூட்டரை வித்துடலாம்கா. இனிமே எங்க விளையாடப் போறேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு பொருளை மூன்று வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று மட்டும் தோன்றியது. ரசம் ஊற்றினேன்.

கவுன்சலிங் பௌர்ணமிக்கு மறுநாள் பன்னிரண்டு மணிக்கு. எங்கள் ஊரில் பௌர்ணமிக்கு மறுநாள் காலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. கிரிவலம் முடித்த அத்தனை பேரும் சென்னை பஸ்ஸுக்கு நிற்பார்கள். விடிகாலை பஸ்ஸைப் பிடித்தவர்கள் பிழைத்தார்கள். அதை விட்டால் பத்து மணி வரை படிக்கட்டில்கூட இடம் கிடைக்காது. காரும் வேனும் முன்பே பேசப்பட்டிருக்கும். மதிவதனி, முதல் நாளே கிளம்பி அவளுடைய சித்தி வீட்டில் தங்கிவிடலாம் என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் அது சரியாக இருக்காது, காலையிலேயே போய்க்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இவன் சொன்னான். அவள் ஐந்து மணிக்கே பஸ் நிலையம் வந்து, இவனுக்கும் சேர்த்து இடம் பிடித்து வைப்பதாக ஏற்பாடு.

பௌர்ணமியன்று மத்தியானம் நான் அவனுக்கு ஒரு பரிசு கொடுத்தேன். அவன் ஒரு வருடமாக இணையத்தில் பார்த்துப் பார்த்து மூடிவைத்த கிராபிக்ஸ் கார்டு. அதோடு அதற்குப் பொருத்தமான பவர் சப்ளை. முதல் தடவையாக இரண்டையும் சேர்த்தே வாங்கியிருந்தேன். அவன் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். திரும்பி வந்து போட்டுக்கொள்கிறேன் என்றான். விற்கப்போகிற கம்ப்யூட்டருக்கு எதற்கு என்று கேட்கவில்லை. நான், போட்டுப் பார்த்துவிடேன், ஒரு மணி நேரம்தானே, என் திருப்திக்காக என்றேன்.

ஒரு மணி நேரத்தில் முடியாது என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். கீழே தண்ணீர் குடிக்க வந்தபோது இரவு மணி இரண்டு இருக்கும். முகமெல்லாம் சிரிப்பு. "வெண்ணெய் மாதிரி போகுதுக்கா," என்றான். பிறகு போனை ஹாலில் சார்ஜுக்குப் போட்டான். மாடியில் இருந்த பிளக் எல்லாம் கம்ப்யூட்டருக்கே போய்விட்டதால் போன் எப்போதும் கீழேதான் தூங்கும்.

"நாலரைக்கு அலாரம் வெச்சிருக்கேன். எதுக்கும் நீயும் எழுப்பிடுக்கா."

"நான் எதுக்குடா இருக்கேன்?" என்றேன்.

உங்கள் குறிப்பேட்டில் இந்த நாளைப் பற்றி, 'முக்கியமான நாளில் எழுந்திருக்க முடியாமல் போனது, எழுப்பியும் எழவில்லை, கடுமையான குற்ற உணர்வு' என்று எழுதியிருக்கிறீர்கள். மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தலைகீழாகப் படிக்க எனக்கு வரும், வேலைப் பழக்கம். பதிவு சரியாக இருக்க வேண்டும் என்பதால் அதில் ஒரு சிறு திருத்தம். நான் அவனை எழுப்பவில்லை.

அலாரம் ஒரு தடவை அடித்தது. நிறுத்தினேன். காபி போட்டுக்கொண்டு வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. சின்ன வயதில் தூங்குகிற மாதிரியே ஒரு கையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு தூங்கினான். மடித்து வைத்த சட்டை நாற்காலியில் இருந்தது, சான்றிதழ் ஃபைல் அதன்மேல். மதிவதனியின் அழைப்புகள் வர ஆரம்பித்தன. சத்தத்தைக் குறைத்துவிட்டதால் போன் என் மடியில் நடுங்கிக்கொண்டு மட்டும் இருந்தது. பதினேழு தடவை. பாவம், பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு எத்தனை பேரிடம் சண்டை போட்டாளோ. வெயில் மூன்றாவது படிக்கு வந்தபோது அழைப்புகள் நின்றன. நான் இறங்கிப்போய் இட்லி ஊற்றினேன்.

ஒன்பதேகாலுக்கு அவனாகவே எழுந்து வந்தான். அவன் முகத்தை விவரிக்க மாட்டேன்.

"மூணு தடவை எழுப்பினேன்டா," என்றேன். "போனைக்கூடக் காட்டினேன். அஞ்சு நிமிஷம்கான்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்ட."

"நானாக்கா சொன்னேன்?"

"ஆமா."

"எனக்கு ஞாபகமே இல்லியே."

"தூக்கத்துல எப்படிடா ஞாபகம் இருக்கும்?"

போனில் பதினேழு தவறிய அழைப்புகள் இருந்தன. அதைப் பார்த்த பிறகு அவன் எதுவும் கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான். ஏதோ ஒரு வேனில் நின்றுகொண்டே செஞ்சியைத் தாண்டும்போது மதிவதனி கூப்பிட்டு, உன் பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள் என்றாளாம். அங்கேயே இறங்கித் திரும்பி வந்தான். சாயங்காலம் அவனுக்குத் தலையில் எண்ணெய் வைத்துவிட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நீ என்னென்ன செஞ்ச எனக்கு, நான் ஒரு நாள் காலையில எழுந்திருக்கலையே என்றான். நானும் அழுதேன். அது நடிப்பில்லை, டாக்டர். அவன் கஷ்டப்பட்டால் எனக்குத் தாங்காது.

அடுத்த வாரம் மதிவதனி வந்தாள். அவளைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது, வேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டான். நான் வாசலிலேயே நின்று, அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே இந்த வேலையில் விருப்பமில்லை, உன் மனசு நோகும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறான் என்றேன். அவள் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "அவர் என்கிட்டயே சொல்லியிருக்கலாம்கா," என்றாள். இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். போன தை மாதம் கல்யாணம். பத்திரிகை வந்தது. நல்ல இடம்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நாங்கள் அமைதியாக இருந்தோம். நான் எதிர்பார்க்காத ஒரு மாற்றம் அவனிடம் வந்தது. எதற்கும் என்னைக் கேட்க ஆரம்பித்தான். பல் தேய்த்தேனா, மாத்திரை போட்டேனா, நேற்று நான் உன்னைத் திட்டினேனா என்று. "நான் சாப்ட்டனாக்கா?" என்று கேட்பான், நான் சொல்வேன். ஒரு மனிதன் தன்னை நம்புவதைவிட இன்னொருவரை அதிகமாக நம்புவது சின்ன விஷயமா. எத்தனை பெண்டாட்டிகளுக்கு அது கிடைத்திருக்கிறது. நான் புது பிராசஸர் வாங்கினேன், அதற்கு மதர்போர்டு, அதற்கு ரேம்.

முதல் நாள் நீங்கள், தினமும் எத்தனை மணி நேரம் விளையாடுகிறான் என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லத் தயங்கியதை வேறு விதமாக எடுத்துக்கொண்டீர்கள். உங்களிடம் வருகிறவர்கள் எல்லோரும் பிள்ளை ஓயாமல் விளையாடுகிறான் என்று வருகிறார்கள். நான் வந்தது அவன் நிறுத்திவிட்டான் என்பதற்காக. ஐப்பசியிலிருந்து அவன் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. கடைசியாக வாங்கிய பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை. நாற்காலியில் அணைந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். வேடியப்பனிடம் இருப்பதிலேயே பெரியது என்ன என்று கேட்டேன். கொண்டுவந்து கொடுத்தேன். "எது பத்தலை, சொல்லுடா," என்று நானாகவே கேட்டேன். "எல்லாம் இருக்குதுக்கா," என்றான். அவ்வளவுதான் சொன்னான். எனக்கு முதல் தடவையாகப் பயமாக இருந்தது. அதனால்தான் அழைத்துவந்தேன்.

அவனை ஒரு மாதம் உங்கள் மருத்துவமனையில் தங்கவைக்க வேண்டும், வீட்டில் இருந்து யாரும் கூட இருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள். நான் சம்மதிக்கிறேன், கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவனும் சரி என்றான். வரும் வழியில் ஆட்டோவில், தனியாக இருக்கப் போகிறோம் என்று தெரிந்தும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். கடைகளின் பெயர்ப் பலகைகளை வாய்க்குள் படித்துக்கொண்டு வந்தான். அப்படி அவன் எதையும் பார்த்து ரொம்ப நாளாயிற்று. நன்றாகத்தான் இருந்தது.

நான் எழுதியதை அவனிடம் சொல்லிவிட வேண்டாம். சொன்னால் உடைந்துபோவான், அவனுக்கு என்னை விட்டால் யாருமில்லை. உங்கள் பதிவுக்கு மட்டும்.

இன்னொன்றை நர்ஸ்களுக்கு நீங்கள் அவசியம் சொல்லிவைக்க வேண்டும். நான் ஒரு மாதம் விடுப்புக்கு எழுதிக் கொடுத்து, உங்கள் மருத்துவமனைக்கு எதிர்த் தெருவில் ஓர் அறை பேசியிருக்கிறேன். காலையில் ஐந்து நிமிடம் மட்டும் என்னை உள்ளே விட்டால் போதும். நானே வந்து எழுப்பிவிடுகிறேன். வேறு யார் கூப்பிட்டாலும் எழமாட்டான், ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வான். பிறந்ததிலிருந்து அவன் அப்படித்தான்.